கடையில் பார்த்த கலர்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் லுங்கி மொத்த வியாபாரம் செய்யும் உசேன் பாய், எந்தப் பொருளையும் மேலே ஒட்டியிருக்கும் விலைக்கு வாங்கியது கிடையாது. கட்டுப் பிரிக்காத பேல் மூட்டையையும் வாங்கியது கிடையாது. பேலின் மேலும் கீழும் நல்ல சரக்கை அடுக்கி, நடுவில் நாலு கிழிசலைச் சொருகி அனுப்புகிற வித்தையை அவரே இளவயதில் செய்து பார்த்திருந்ததால், மற்றவர்களும் செய்வார்கள் என்று உறுதியாக நம்பினார். ஆகவே ஏற்கெனவே பிரித்து, நாலு பேர் உருட்டிப் பார்த்துவிட்டுப் போன பேலாகத் தேடி வாங்குவார். பிரித்த பேலில் பொய் இருக்காது, விலையும் இறங்கும். லுங்கியைப் பொறுத்தவரை இந்தக் கணக்கு ஒருநாளும் தப்பியதில்லை.

மகள் ஆஃபியாவின் தலைப் பெருநாளுக்கு மாப்பிள்ளைக்குச் சீராக டிவி எடுக்கப் போனபோதும் அதே கணக்கைத்தான் கையோடு கொண்டுபோனார். ஷோரூம் வாசலில், ரோட்டில் போகிறவன் கண்ணைப் பிடித்து இழுப்பதற்காக மாட்டியிருந்த பெரிய டிவியில் பச்சைக்கிளி பறந்துகொண்டிருந்தது.

"பாய், அது டிஸ்ப்ளே பீஸு. குடோன்ல சீல் பிரிக்காதது கீது, அத்தத் தரேன்" என்றான் விற்பனைக்காரன்.

"சீலுக்குள்ள இன்னா கீதுன்னு உனக்குத் தெரியுமா?"

"டிவிதான் பாய் கீது."

"நீ சொல்ற. நான் பாக்கலையே. இது என் கண்ணு முன்னால ஓடிகினு கீது. எனக்கு இதான் வேணும். நாலு பேரு தொட்ட சாமானுக்கு இன்னா விலையோ அத்தப் போடு."

விற்பனைக்காரன் முதலாளியைக் கூப்பிட்டான். முதலாளி டீ சொன்னார். டீ ஆறி, ஆடை படிந்து, இரண்டாவது டீ வந்தபோது விலை படிந்தது.

மறுநாள் மதியம் டிவியை மாட்ட வந்த மெக்கானிக், சுவரில் திருகி முடித்ததும் ரிமோட்டும் கையுமாக உட்கார்ந்தான். "இது கடைக்குன்னு வெச்ச செட்டிங்குல ஓடுது பாய். வூட்டு செட்டிங்குக்கு மாத்திட்டுப் போயிடறேன்."

உசேன் பாய் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். ஷோரூமில் ஒன்றைக் காட்டிவிட்டு வீட்டில் வேறொன்றாக்கிவிட்டுப் போகிற வேலை இது என்று அவருக்கு உடனே புரிந்துவிட்டது. காட்டுகிறது சன்ன நூல், கட்டுகிறது கட்டை நூல், அதே தில்லுமுல்லு.

"கடையில பாத்த கலர் வூட்லயும் வரணும். ஒரு பட்டன் மேல கை வெக்காத."

"கண்ணு கூசும் பாய்."

"கூசட்டும். துட்டு குடுத்தது இன்னாத்துக்கு?"

மெக்கானிக்குக்குக் கொருக்குப்பேட்டையில் இன்னொரு வீடு பாக்கியிருந்தது. ரிமோட்டை வைத்துவிட்டுப் போய்விட்டான். ஆஃபியா அப்போது சமையல்கட்டில் இருந்தாள். மாப்பிள்ளை ஜீஷான் டூட்டியில் இருந்தான். ஆக, இந்தப் பேச்சு உசேன் பாயோடு முடிந்துபோயிற்று. அவரும் மறந்துவிட்டார். ஜெயித்த பேரத்தை மட்டும்தான் அவர் ஞாபகத்தில் வைத்துக்கொள்வது வழக்கம்.

ஜீஷானுக்கு வேலை எண்ணூர்ப் பக்கம் ஒரு கண்டெய்னர் யார்டில். ஆறு மாடி உயரத்தில் தொங்கும் கிரேன் கேபினில் உட்கார்ந்து, கீழே வரிசையாக வந்து நிற்கிற டிரெய்லர்களிலிருந்து பெட்டிகளைத் தூக்கி அடுக்கவும், அடுக்கியதை டிரெய்லர்களில் இறக்கவும் வேண்டும். கேபினுக்குத் தரை கண்ணாடி. இரண்டு கால்களுக்கு நடுவே குனிந்து பார்த்துக்கொண்டே வேலை செய்ய வேண்டும். முதல் முறை ஏறுகிறவர்கள் கண்ணாடியில் கால் வைக்கவே யோசிப்பார்கள். ஜீஷானுக்கு அந்த இடம்தான் உலகத்திலேயே நிம்மதியான இடம். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் அனல்மின் நிலையத்தின் புகை. யாரும் ஏறி வரமாட்டார்கள். யாரும் விலை கேட்க மாட்டார்கள்.

வீட்டில் அப்படியொரு வசதி இல்லை. எர்ணாவூரில் அவன் அம்மா ரசூல் பீவி, மூத்த மகன் குடும்பத்தோடு ஒற்றை அறையில் இருந்தார். புது மருமகளுக்கு அங்கே கால் நீட்ட இடமில்லை. ஆகவே பழைய வண்ணாரப்பேட்டையில் உசேன் பாய் வீட்டின் கீழ்ப் போர்ஷனில் ஜீஷானும் ஆஃபியாவும் குடியிருந்தார்கள். வாடகை வேண்டாமென்று உசேன் பாய் சொன்னபோது ஜீஷான் சந்தோஷப்பட்டான். வாடகை கொடுத்தால் கதவைச் சாத்திக்கொள்ளலாம் என்பது அவனுக்குப் பிறகுதான் உறைத்தது.

ரயில் பெட்டி மாதிரி நீளமும் ஒடுக்கமுமான அறை. நீளவாக்கில் கடைசிச் சுவரை மறைத்து, கடையில் இடமில்லாத லுங்கி பேல்கள் கூரைவரை அடுக்கியிருந்தன. "கொஞ்ச நாளைக்கு" என்று சொல்லி உசேன் பாய் போட்டது, கல்யாணத்துக்கு முன்பிருந்தே கிடந்தது. ஒரு பக்கச் சுவரில் கட்டில். எதிர்ச் சுவரில் ஜன்னல். டிவிக்கு இடம் தேடியபோது உசேன் பாய் ஜன்னலைப் பார்த்தார்.

"இதுல இன்னா தெரியுது? மூட்டை தூக்குறவன் முதுகு. இங்கயே மாட்டு."

ஜன்னல் மறைந்தது. சித்திரை வெயிலில் அந்த அறைக்கு வெளிச்சம், காற்று, காட்சி எல்லாமே அறுபத்தைந்து இஞ்ச் டிவிதான் என்றாயிற்று. கட்டிலில் உட்கார்ந்து காலை நீட்டினால் கட்டைவிரல் கிரிக்கெட் மைதானத்தைத் தொடும். திரையின் அடியில் அவ்வப்போது ஒரு பட்டை எழும்பி, இந்த டிவியில் என்னென்ன விசேஷங்கள் என்று இங்கிலீஷில் வரிசையாகச் சொல்லிவிட்டு இறங்கும். உசேன் பாய்க்குப் படத்தைவிட அந்தப் பட்டை பிடித்திருந்தது.

"பாத்தியா மாப்ள. வூட்டுக்கு வர்றவன்கிட்ட நம்ம வாயால பெருமை பேச வேணாம். அதுவே சொல்லிக்குது."

சாயங்காலத் தொழுகை முடிந்ததும் தினமும் கீழே வந்துவிடுவார். கட்டிலின் நடுவில் ஜீஷானை உட்கார வைத்து, பக்கத்தில் தான் உட்கார்ந்துகொள்வார். சீர் கொடுத்தவருக்கு, மாப்பிள்ளை அதை அனுபவிப்பதைப் பார்க்கிற உரிமை உண்டு. சோற்றுக்குக் கூப்பிடும்வரை இருவரும் பார்ப்பார்கள். திரையில் பந்து எண்ணெயில் விட்டது மாதிரி வழுக்கிக்கொண்டு ஓடும். இடையிடையே அவர் பேச்சு எங்கே தொடங்கினாலும் கடையில் போய் முடியும்.

"உன்னை மாதிரி படிச்ச பையன் மெத்தையில உக்காந்து வியாபாரம் பாத்தா கடைக்கே ஒரு கெத்து வரும். நீ இன்னாடான்னா காக்கா மாதிரி மேல குந்திகினு கீற."

"பழகிப்போச்சு மாமா."

"அல்லா கொடுத்த காலு தரையில நிக்கத்தான் மாப்ள."

பெருநாள் முடிந்து கொஞ்ச நாளில் அது ஆரம்பித்தது. காலை ஷிப்டில் கேபினில் உட்கார்ந்து குனிந்தபோது, கண்ணாடித் தரைக்குக் கீழே டிரெய்லர் மெதுவாக ஒரு பக்கம் நகர்ந்தது. டிரெய்லர் நகரவில்லை. ஜீஷான் கண்ணை மூடித் திறந்தான். நின்றது. அடுத்த பெட்டிக்கு மறுபடி நகர்ந்தது. கண்ணுக்குப் பின்னால் யாரோ கட்டைவிரலால் அழுத்துவது போல இருந்தது.

வெளியில் சொல்ல முடியாது. தலை சுற்றுகிறது என்று ஒரு ஆபரேட்டர் வாயைத் திறந்தால் அன்றைக்கே ஏணியிலிருந்து இறக்கிவிடுவார்கள், அது நியாயமும்தான். அவனோ கான்ட்ராக்ட் ஆள். கேபின் இல்லையென்றால் வேலை இல்லை. வேலை இல்லையென்றால் எம்.சி. ரோட்டு மெத்தை விரித்துத் தயாராக இருக்கிறது. மாதக் கடைசியில் வருஷாந்திர மெடிக்கல் வேறு வருகிறது. வீட்டில் சொன்னால் மாமனார் காதுக்குப் போகும். மாமனார் காதுக்குப் போனால் மறுநாள் காலையில் கடையில் உட்காருவதற்கான சட்டைக்கு அளவெடுக்கத் தையல்காரர் வந்து நிற்பார்.

தலைவலி என்று மட்டும் ஆஃபியாவிடம் சொன்னான். அதற்கே வீடு பரபரத்தது. மாமியார் கண்ணேறு என்று முடிவு கட்டி ஓதி ஊதிய தண்ணீர் கொடுத்தார். ஆஃபியா பித்தம் என்று இஞ்சிச் சாறு கொடுத்தாள். கூட வேலை பார்க்கும் அம்புரோஸ், கழுத்து நரம்பு என்று ஒரு தைலம் கொடுத்தான். அதைத் தடவிக்கொண்டு கேபினுக்குள் உட்கார்ந்தால் தைல நாற்றத்துக்கே தலை சுற்றியது. ஜீஷான் யாருக்கும் தெரியாமல் ராயபுரத்தில் கண் டாக்டரைப் பார்த்தான். பார்வை பழுதில்லை, கண் வறண்டிருக்கிறது என்று சொட்டு மருந்து எழுதினார். காது டாக்டர் இரண்டு காதிலும் விளக்கடித்துப் பார்த்துவிட்டு, "டென்ஷன் எதுவும் உண்டா?" என்று கேட்டார். மாமனார் வீட்டில் குடியிருக்கிறேன் என்றான். அவர் வேறெதுவும் கேட்கவில்லை.

அப்புறம் அந்தச் செவ்வாய்க்கிழமை வந்தது. பெட்டியை டிரெய்லர் மேல் இறக்கும்போது, கீழே இரண்டு டிரெய்லர்கள் தெரிந்தன. எது நிஜமென்று அவன் தீர்மானிப்பதற்குள் பெட்டி இறங்கிவிட்டது. நல்ல வேளையாக நிஜத்தின் மேல்தான் இறங்கியது. ஆனால் இறங்கிய வேகத்தில் டிரெய்லர் துள்ளி, டிரைவர் வல்லரசுவின் தலை கூரையில் இடித்தது. வாக்கி-டாக்கியில் அவன் குரல் வந்தது.

"இன்னா தல, பொட்டிய வெக்கிறியா, போடுறியா?"

"சாரி வல்லரசு."

"சாரிய வூட்ல வெய்யி. எனக்கு ரெண்டு பொண்ணு கீது நைனா. நானும் முட்டையும் ஒண்ணுன்னு நெனச்சிக்கோ, மெதுவா வெய்யி."

ஜீஷான் கிரேனை நிறுத்தினான். தன் வேலையைப் பற்றித்தான் இத்தனை நாளும் கவலைப்பட்டுக்கொண்டிருந்தோம் என்பது நினைவுக்கு வந்தபோது வாய் கசந்தது. காய்ச்சல் என்று சொல்லி இறங்கினான். ஒரு வாரம் லீவு எழுதிக் கொடுத்தான். மேற்பார்வையாளர் லீவு கொடுத்தார், ஆனால் அவன் முகத்தை உற்றுப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தார். "மெடிக்கலுக்கு வந்துடு. வரலைன்னா வேற ஆளப் போட்டுக்குவாங்க."

லீவில் வீட்டிலிருப்பது இன்னும் மோசமாகப் போயிற்று. மத்தியானத்திலேயே அறை இருட்டு. பேல்களிலிருந்து கஞ்சி வாசனை. இருட்டுக்குள், வெளிச்சத்துக்கென்று போட்டுவைத்த டிவி மட்டும் கொதித்தது. அதைப் பார்க்காமல் இருக்க அறையில் வேறு திசையே இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தால், சுவரே சிவப்பும் பச்சையுமாக மாறி மாறி மின்னியது. சாயங்காலம் எழுந்து பாத்ரூமுக்குப் போகையில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டான்.

மூன்றாம் நாள் தெருமுனை டிரான்ஸ்பார்மர் வெடித்தது. இரண்டு நாளைக்குக் கரண்ட் இல்லை. வண்ணாரப்பேட்டை முழுக்க விசிறியும் திட்டுமாகக் கிடக்க, ஜீஷானுக்கு மட்டும் தலை தெளிந்தது. வியர்வையில் நனைந்துகொண்டே, பல வாரங்களுக்குப் பிறகு நன்றாகத் தூங்கினான். கரண்ட் வந்தது. டிவி வந்தது. மாமனார் வந்தார். ஒரு மேட்ச் முடிவதற்குள் கட்டில் கப்பல் மாதிரி ஆடியது.

அன்றைக்குத்தான் அவன் டிவியைச் சந்தேகமாகப் பார்த்தான்.

மாமனார் கடையிலிருக்கும் நேரமாகப் பார்த்து வெளிச்சத்தைக் குறைத்தான். கண்ணுக்குக் குளிர்ந்தது. டீ குடித்துவிட்டு வந்து பார்த்தால் பழையபடி கொதித்துக்கொண்டிருந்தது. மறுபடி குறைத்தான். மறுபடி ஏறியது. மாமனார் கையில் இன்னொரு ரிமோட் இருக்கிறதோ என்று மாடிப்படி வரை போய்ப் பார்த்துவிட்டு வந்தான். சாயங்காலம் அவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போதே நைசாகக் குறைத்தான்.

"இன்னா மாப்ள, மங்குது?"

"கண்ணுக்கு இதமா இருக்கட்டும்னு…"

"இதமா வேணும்னா ஐஸு வெச்சுக்கோ. இது டிவி."

அவர் கூட்டவேண்டிய வேலையே இருக்கவில்லை. பேசிக்கொண்டிருக்கும்போதே அதுவாக ஏறிக்கொண்டது. "பாத்தியா, அதுக்கே மானம் கீது" என்றார் உசேன் பாய்.

இரவுச் சோற்றுக்குப் பிறகு ஜீஷான் ஆஃபியாவிடம் எல்லாவற்றையும் சொன்னான். கேபின், இரண்டு டிரெய்லர், வல்லரசு, மெடிக்கல். அவள் தட்டைக் கழுவிக்கொண்டே கேட்டாள். கழுவி முடித்தும் குழாயை மூடவில்லை.

"இத்தினி நாளா என்கிட்ட தலவலின்னு டபாய்ச்சிகினு இருந்தீங்களா?"

"உங்க அத்தாவுக்குத் தெரிஞ்சா…"

"எனக்குத் தெரிஞ்சா அத்தாவுக்குத் தெரியும்னு யாரு சொன்னா? நான் வாங்குற துணிக்கு நெசமான விலையே அவருக்கு இன்னிவரைக்கும் தெரியாது."

மறுநாள் காலையில் அவள் டிவி கம்பெனியின் உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். பாட்டுப் போட்டு ரொம்ப நேரம் காக்க வைத்துவிட்டு ஒரு பெண் வந்தாள். அவள் பேசியது செய்தி வாசிப்பது போலிருந்தது.

"மேடம், திரையின் கீழ்ப்பகுதியில் விளம்பரப் பட்டை ஏதேனும் தோன்றுகிறதா?"

"தோணுதுங்க. டிவியப் பத்திப் பெருமையா எழுதி வருது."

"நீங்கள் வெளிச்சத்தைக் குறைத்தால் சற்று நேரத்தில் தானாகவே கூடிவிடுகிறதா?"

"ஆமாங்க."

"உங்கள் டிவி கடை மோடில் உள்ளது மேடம். ஷோரூம் வெளிச்சத்தில் தெரிவதற்கான அமைப்பு அது. அதை வீட்டு மோடுக்கு மாற்ற வேண்டும். எவ்வளவு தூரத்தில் அமர்ந்து பார்க்கிறீர்கள்?"

ஆஃபியா கட்டிலையும் டிவியையும் பார்த்தாள். "தூரம்னு ஒண்ணும் இல்லீங்க."

அந்தப் பெண் ஒரு வினாடி செய்தி வாசிப்பை நிறுத்திவிட்டு, "அய்யோ" என்றாள். பிறகு எந்தெந்த இடத்தில் என்னென்ன அமுக்க வேண்டும் என்று சொன்னாள். முடிந்தவரை தள்ளி உட்காரவும், அறையில் விளக்கு எரியவிடவும், படத்தை வழுவழுப்பாக்கும் வசதியை அணைத்து வைக்கவும் சொன்னாள். ஆஃபியா எல்லாவற்றையும் செய்தாள். பட்டை போயிற்று. திரையின் கிளிப்பச்சை, நிஜக் கிளியின் பச்சையாக மாறியது. ஜீஷான் நாள் முழுக்க அந்த அறையில் இருந்தான். ஆட்டமில்லை.

சாயங்காலம் உசேன் பாய் உள்ளே நுழைந்தவர், செருப்பைக் கழற்றும்போதே நின்றுவிட்டார்.

"டிவிக்கு இன்னா ஆச்சி?"

"நல்லாத்தானே மாமா இருக்கு."

"நல்லாவா? வெளுத்துப்போன லுங்கியாட்டம் கீது. பட்டை எங்க?"

இருவரும் பேசுவதற்குள் அவர் ஷோரூமுக்குப் போன் போட்டுவிட்டார். டிஸ்ப்ளே பீஸ் என்று தள்ளிவிட்டு ஒரு மாதத்தில் சாயம் போகிற சரக்கைத் தலையில் கட்டிவிட்டீர்களா என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்டார். கடை மூடுகிற நேரத்தில் அங்கிருந்து ஒரு ஆள் ஓடிவந்தான். வந்தவன் ரிமோட்டை எடுத்து ஏதோ அமுக்கினான். பட்டை எழும்பியது. அறை பற்றி எரிந்தது. உசேன் பாய் அவனுக்கு ரோஸ்மில்க் வாங்கிக் கொடுத்தனுப்பினார்.

"கைய வெக்காதேன்னு அன்னிக்கே அந்த மெக்கானிக் பையனுக்குச் சொன்னேன்" என்றார் திருப்தியாக. "வூட்டு செட்டிங்கு மாத்தறேன்னு வந்தான். நானா உடுவேன்?"

ஜீஷானும் ஆஃபியாவும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மெடிக்கலுக்கு இன்னும் பத்துப் பன்னிரண்டு நாள்தான் இருந்தது. ஆஃபியா டிவியை நிறுத்தினாள். நிறுத்தியதும் அறை கும்மிருட்டானது. டியூப்லைட்டைப் போட்டாள். பேல்களுக்கும் கட்டிலுக்கும் நடுவில் மூன்று பேரும் முழங்கால் இடிக்க நின்றார்கள்.

"அத்தா, இவருக்குத் தலை சுத்துது. இந்த டிவியால."

சொல்லிவிட்டாள். ஜீஷானுக்கு ஏணியில் ஒரு படி தவறியது போல இருந்தது.

அவள் முழுவதையும் சொன்னாள். உசேன் பாய் முகத்தில் முதலில் கவலை வந்தது. கவலை நிஜமானதுதான். கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, அது இறங்கி, அதன் இடத்தில் வேறொன்று ஏறியது. மலிவாக ஒரு லாட் சரக்கு சந்தைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டபோதெல்லாம் வருகிற முகம்.

"அப்போ மாப்ள மேல ஏறக்கூடாது" என்றார். "நான் அப்பவே சொன்னேன். நாளைக்கே கடைக்கு வந்துடட்டும்."

"ஏறக்கூடாதது இல்ல அத்தா. டிவிய மாத்தணும்."

"டிவிக்கு இன்னா கொறை? ஊரே பாத்து மயங்குற சாமான். வேலைதான் பேஜாரு புடிச்ச வேலை."

ஜீஷான் வாயைத் திறந்தான். ஆஃபியா அவன் காலை மிதித்தாள்.

"சரி அத்தா. அவரு கடைக்கு வரட்டும். ஏன் போர்ட்டு வேலைய உட்டாருன்னு அவங்க அம்மா கேப்பாங்க. மெத்தையில உக்காந்தா வர்றவனெல்லாம் கேப்பான். நான் சொல்லுவேன், எங்க அத்தா தலைப் பெருநாளுக்குக் குடுத்த சீருல எங்க வூட்டுக்காரருக்குக் கண்ணு போச்சுன்னு."

"யாருகிட்ட சொல்லுவ?"

"யாரு கேட்டாலும். உடைஞ்ச சீருன்னு எர்ணாவூர்ல ஆரம்பிச்சா எம்.சி. ரோடு வர எத்தினி நேரம் ஆகும்?"

உசேன் பாய் கட்டிலில் உட்கார்ந்தார். மகளை ஒரு புது ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார். பிறகு தொடையைத் தட்டிக்கொண்டார். ஜீஷானுக்கு அந்தத் தட்டல் தெரியும். பேரம் ஆரம்பிக்கிறது.

"இன்னா வேணும் உனக்கு?"

"வூட்டு மோடு. அப்பால, டிவி ஜன்னல உட்டு அந்தக் கடைசிச் சொவத்துக்குப் போவணும்."

"அங்க பேல் கீது."

"பேல் குடோனுக்குப் போவும்."

"குடோனுக்கு வாடகை யாரு குடுப்பா?"

"இங்க இவ்ளோ நாளு வெச்சதுக்கு எங்களுக்கு யாரு குடுத்தா?"

அவர் மேலே பார்த்தார். பட்டையைப் போக வைப்பதுதான் அவருக்கு நிஜமாகவே வலித்தது. கடைசியில் சொன்னார். "சரி. பதிலுக்கு மாப்ள வாரா வாரம் லீவு நாளு கடைக்கு வரணும்."

"ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை."

"வாரா வாரம். மத்தியானச் சோத்துக்கு வூட்டுக்கு அனுப்பிடறேன்."

"சோத்தோட அப்படியே வூட்லயே இருந்துடுவாரு."

"சரி, ரெண்டு வாரத்துக்கு ஒரு தடவை." அவர் கணக்குப் போட்டார். "மெடிக்கல்ல பாஸாகலன்னா?"

"ஆகலன்னா மொத்தமா வந்துடுவாரு."

"முடிச்சிக்கோ" என்று கையை நீட்டினார். ஆஃபியா அந்தக் கையில் அடித்தாள். இருவர் முகத்திலும் ஒரே மாதிரி ஒளி. அப்போதுதான் ஜீஷான் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றுகொண்டிருப்பதைக் கவனித்தான். விற்றவரும் வாங்கியவளும் திருப்தியாக இருந்தார்கள். சரக்கிடம் யாரும் கேட்கவில்லை.

டிவி கடைசிச் சுவருக்குப் போயிற்று. ஜன்னல் திறந்தது. மூட்டை தூக்குகிறவர்களின் முதுகைப் பார்க்கவே ஜீஷானுக்குக் கண் குளிர்ந்தது. லீவு முடிந்ததும் நேராகக் கேபின் ஏறவில்லை. வயிறு சரியில்லை என்று சொல்லி, மெடிக்கல் வரைக்கும் கீழே பெட்டி எண் சரிபார்க்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டான். வல்லரசுவின் டிரெய்லர் வரும்போதெல்லாம் ஒரு டீ வாங்கிக் கொடுத்தான்.

மெடிக்கலன்று டாக்டர் அவனை ஒற்றைக்காலில் நிற்கவைத்தார், கண்ணை மூடி நடக்கவைத்தார், நாற்காலியில் உட்காரவைத்துச் சுற்றிவிட்டார். எல்லாம் சரியாக இருந்தது.

"தலை சுத்தல் உண்டா?"

"இப்ப இல்ல சார்."

அவர் பேனாவை நிறுத்தினார். "இப்ப இல்லைன்னா?"

இல்லையென்று ஒரு சொல் போதும். அதற்கு மேல் யாரும் தோண்டப் போவதில்லை. ஜீஷானுக்கு மெத்தை ஒரு பக்கம் தெரிந்தது, வல்லரசுவின் தலை கூரையில் இடித்த சத்தம் ஒரு பக்கம் கேட்டது. டிவி கதையைச் சொன்னான். டாக்டர் பாதியில் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார். மறுபடி ஒருமுறை நாற்காலியில் சுற்றிவிட்டார், முன்னைவிட வேகமாக. இறங்கி நேர்க்கோட்டில் நடந்தான்.

"எத்தினி இஞ்ச்னு சொன்னீங்க?"

"அறுபத்தஞ்சு சார்."

"என் மச்சான் எம்பத்தஞ்சு வாங்கித் தரேன்னு நிக்கிறான்" என்று முனகிக்கொண்டே தகுதி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அடுத்த நாள் ஏணி ஏறினான். குனிந்து பார்த்தான். ஒரே ஒரு டிரெய்லர். பெட்டி பூ மாதிரி இறங்கியது. "இது வெக்கிறது" என்றான் வல்லரசு வாக்கியில்.

ஒப்பந்தப்படி முதல் லீவு நாள் வந்தது. உசேன் பாய் அவனுக்கு வெள்ளைச் சட்டை எடுத்து வைத்திருந்தார். மெத்தையில் உட்கார வைத்து, வந்தவர்களிடமெல்லாம் "மாப்பிள்ளை" என்று காட்டினார். பதினொரு மணி வாக்கில் அவர் வங்கிக்குக் கிளம்ப, லுங்கி வாங்க நெல்லூரிலிருந்து ஒரு மொத்த வியாபாரி வந்து உட்கார்ந்தார். கடைப் பையன்கள் லுங்கிக் கட்டை அவிழ்த்துப் போட்டார்கள். நெல்லூர்க்காரர் ஒரு விலை சொன்னார்.

அது நல்ல விலையா கெட்ட விலையா என்று ஜீஷானுக்குத் தெரியாது. என்ன சொல்வதென்றும் தெரியவில்லை. பழக்கதோஷம், குனிந்து இரண்டு காலுக்கும் நடுவில் கிடந்த லுங்கியைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நெல்லூர்க்காரர் செருமினார். கொஞ்சம் ஏற்றினார். ஜீஷான் பார்வையை எடுக்கவில்லை. மனதுக்குள், இந்த நேரத்தில் அம்புரோஸ் எத்தனை பெட்டி இறக்கியிருப்பான் என்று யோசித்துக்கொண்டிருந்தான். "இன்னா பாய், இவ்ளோ கறாரா?" என்று சொல்லி அவர் இன்னும் ஏற்றினார். பையன்கள் மடிப்பதை நிறுத்திவிட்டார்கள். தெருவில் கைவண்டி போகிற சத்தம் கேட்டது. கடைசியில் நெல்லூர்க்காரர் தாமாகவே ஒரு விலையைச் சொல்லி, தாமாகவே ஒப்புக்கொண்டு, தோளில் தட்டிவிட்டுப் போனார்.

உசேன் பாய் திரும்பி வந்து விலையைக் கேட்டார். இன்னொரு முறை கேட்டார். பிறகு தன் திண்டுத் தலையணையை நகர்த்தி, கல்லாப் பக்கத்தில் மாப்பிள்ளைக்கு இடம் பண்ணினார்.

"இந்த வாயவா மாப்ள பொட்டி தூக்க அனுப்பிட்டு இருந்தோம்" என்றார். அவர் கண் ஈரமாக இருந்தது.

சாயங்காலம் ஜீஷான் ஆஃபியாவிடம் சொன்னான். "நான் ஒண்ணுமே பேசல ஆஃபியா."

"அதாங்க தப்பு. குறைச்சிக் குடுத்திருக்கணும். அடிமாட்டு விலைக்கு நாலு கட்டு வித்திருந்தீங்கன்னா அத்தாவே உங்களக் கடைப் பக்கம் சேக்க மாட்டாரு." அவளுக்குக் கோபம்தான். ஆனாலும் கொஞ்சம் பொறுத்து, "எவ்ளோக்குப் போச்சு?" என்று கேட்டாள். சொன்னான். அவளும் இன்னொரு முறை கேட்டாள்.

அடுத்த முறை வாயைத் திறந்து நஷ்டத்துக்கு விற்றுவிடுவது என்று ஜீஷான் முடிவு செய்தான். கேபினில் பெட்டிகளை அடுக்கிக்கொண்டே, சொல்ல வேண்டிய விலைகளை மனப்பாடம் செய்தான். இரண்டு வாரம் கழித்து வெள்ளைச் சட்டையோடு எம்.சி. ரோட்டுக்குப் போனபோது கடை வாசலில் செருப்புகள் நிறையக் கிடந்தன. உள்ளே நெல்லூர்க்காரர் இரண்டு தோஸ்துகளோடு மெத்தையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"நீங்க விலை சொன்னா சரிப்படாது பாய். அவருகிட்டன்னா நானே விலை சொல்லி நானே முடிச்சிக்குவேன்" என்று உசேன் பாயிடம் சொல்லிக்கொண்டிருந்தார் அவர். "அந்தப் பேசாத பாய் எப்ப வருவாரு?"